பொதி கட்டுகிறவர்களின் கைவண்ணம்

டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைப் புகழ ஆளுக்குப் பஞ்சமில்லை. டொனால்ட் குனூத் 1978-இல் அதை வெளியிட்டதையும், அதன் பதிப்பு எண் 'பை'யின் மதிப்பை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீள்வதையும் ரசிகர்கள் சலிக்காமல் சொல்வார்கள். என் ரசனை அதற்கு அடுத்த வீட்டில் இருக்கிறது. டெக்கை லினக்ஸ் கணினியில் குடியேற்றுகிறவர்களின் வேலையைச் சொல்கிறேன்.

டெக் ஒற்றை நிரலாக வருவதில்லை. எழுத்துருக்கள், மேக்ரோக்கள், சொல்லை எங்கே முறிக்கலாம் என்னும் விதிகள் எனக் கோப்புகள் மலைபோலக் கூடவே வருகின்றன. இவற்றையெல்லாம் சேர்த்துத் தரும் தொகுப்பாகத் தாமஸ் எஸ்ஸர் பராமரித்த டீடெக் 2006-இல் நின்றபின் அந்தச் சுமை டெக் லைவ் என்னும் தொகுப்பின் தலைக்கு வந்தது. முழுதாக இறக்கினால் பல ஜிபி.

இத்தனை கோப்புகளுக்குள் வேண்டியதைத் தேடித் தருவது கேபாத்ஸீ என்னும் நூலகம். தரவுத்தளம் எதுவும் அதற்குத் தேவையில்லை. அடைவுகளைப் பட்டியலிடும் யூனிக்ஸின் பழைய 'எல்எஸ்' கட்டளையின் வெளியீடே அதற்கு அட்டவணை. நாமே திறந்து படிக்கக்கூடிய வெறும் உரைக்கோப்பு! வீட்டு அடைவில் நம் திருத்தத்தை வைத்தால் அமைப்பின் கோப்பை விட்டுவிட்டு நம்முடையதை எடுத்துக்கொள்ளும். நிர்வாகியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சிக்கல், புதுப் பொதி (பேக்கேஜ்) வரும்போதுதான். அட்டவணையைப் புதுப்பிக்க வேண்டும், எழுத்துரு வரைபடத்தைத் திருத்த வேண்டும், 'ஃபார்மட்' கோப்புகளைக் கட்ட வேண்டும். டெக்கின் மேல் எழுதப்பட்ட லாடெக்கின் மேக்ரோக்களை ஒருமுறை படித்துவிட்டு, அந்த நிலையில் நினைவகத்தில் இருப்பதை அப்படியே வட்டில் இறக்கிவைப்பதே ஃபார்மட். ஐம்பது பொதி வந்தால் ஐம்பது முறை இதைச் செய்வதா? டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் 'டெக்-காமன்' பொதி இங்கே காட்டும் நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு பொதியும் தன் தேவையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஒவ்வொருவர் எழும்போதும் இலை எடுக்காமல் பந்தி முடிந்ததும் எடுப்பதுபோல, எல்லாம் இறங்கிய பிறகு வேலை ஒரே மூச்சில் நடக்கிறது. 'சற்று நேரம் ஆகலாம்' என்று முனையத்தில் ஒரு வரி. கொஞ்சம் காத்திருப்பு. பிறகு 'முடிந்தது'.

தமிழுக்கும் இதில் இடமுண்டு. தமிழ்ச் சொற்களை வரியிறுதியில் முறிக்கும் விதிகள் மற்ற இந்திய மொழிகளின் விதிகளோடு 'பிற மொழிகள்' தொகுப்பில் கிடக்கின்றன. பெயர் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் டெக்கின் ஒரு வடிவமான ஸீடெக்கைப் பொறுத்தவரை இந்த விதிகள் ஃபார்மட்டுக்குள்ளேயே போய் உட்கார வேண்டியவை. ஆகவே சின்னஞ்சிறு தமிழ்க் கோப்பு ஒன்று வந்து சேர, ஃபார்மட்டை மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்வது ரசனைக்குறைவு என்பேன். கையேடுகளைத் தனிப் பொதிகளாகப் பிரித்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தவர்களின் உழைப்பை அது மதிப்பதில்லை. வட்டு பெரிதாக இருப்பது ஒரு காரணமா?

டெபியனின் நிலைப்பதிப்பில் டெக் பழசாகிவிடும் என்ற குறை நியாயமானதே. பொறுமையில்லாதவர்கள் டெக் லைவை நேரடியாக நிறுவுகிறார்கள். அது ஆண்டின் பெயரில் தனி அடைவுக்குள் போய் அமர்வதால் சென்ற ஆண்டின் டெக் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும். ஆனால் இப்படி வெளியிலிருந்து வந்த டெக் டெபியனின் கணக்கில் ஏறாது. டெக்கை நம்பியிருக்கும் வேறு மென்பொருளை நிறுவப் போனால் மறுபடி ஒரு டெக்கை இறக்கச் சொல்லும். அதைச் சமாதானப்படுத்த 'ஈக்விவ்ஸ்' என்னும் கருவியைக் கொண்டு ஒரு போலிப் பொதி கட்டுவார்கள். பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும், டெக் மட்டும் இருக்காது. டெபியனும் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.