மண்வெட்டியும் மடையும்: ஏரியும் காடும் பேணும் தன்னார்வப் பணி

ஊர் மக்கள் கூலி பெறாமல் ஒன்றுகூடித் தம் ஏரியைத் தூர்வாருவதும், வரத்துக்கால்வாயைச் சீர்செய்வதும், அருகிலுள்ள காட்டில் களைச்செடிகளை அகற்றிக் கன்று நடுவதும் அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் ஓர் இயக்கம் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பரவியுள்ளன. இப்பணி பாராட்டுக்கு உரியது என்பதில் ஐயமில்லை; ஆயினும் அது எங்கே பலன் தருகிறது, எங்கே நல்லெண்ணத்தோடு சிந்திய வியர்வை ஒரே மழையில் கரைந்துபோகிறது, யாருடைய கடமையை யார் தலையில் ஏற்றுகிறது என்று பிரித்துப் பார்ப்பதும் அப்பணிக்குச் செய்யும் மரியாதையே ஆகும். அவ்வாறு பார்க்கும்போது, தன்னார்வப் பணியின் வலு உழைப்பின் அளவைவிட, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் பழக்கத்திலேயே தங்கியிருப்பது புலப்படுகிறது. அப்படித் திரும்பி வருவோருக்கு அந்த நீரிலும் அந்தக் காட்டிலும் பங்கும் சொல்லும் இல்லாத இடங்களில் அப்பழக்கம் நெடுநாள் நிலைப்பதில்லை.

ஓர் ஓடைக்கோ ஏரிக்கோ மழைநீரைச் சேர்த்தனுப்பும் நிலப்பரப்பு முழுவதையும் நீர்வடிப்பகுதி என்பர். அப்பகுதி முழுவதும் ஒரே துறையின் கையில் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. இவற்றுள் 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உடையவை அரசின் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. கால்வாய் ஓடும் புறம்போக்கு வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருக்கும். நீர் பிறக்கும் மலைச்சரிவு பெரும்பாலும் வனத்துறைக்கு உட்பட்டதாக இருக்கும். ஒரே மழையின் நீர் மூன்று நான்கு அலுவலகங்களின் எல்லைகளைக் கடந்தே மடைக்கு வந்து சேர்வதால், மேட்டிலிருந்து பள்ளம் வரை முழு வழியையும் தம்முடையதாகக் கருதி நடந்து பார்க்கக்கூடியவர் அவ்வூரில் வாழ்பவர் மட்டுமே. தன்னார்வப் பணிக்கு உள்ள முதல் வலு இதுவே. ஆனால் அந்த வழியில் எந்த ஓரிடத்திலும் ஓர் ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்பதும் இதே உண்மையின் மறுபக்கம்.

இப்பணியைப் பேசுவோர் பலரும் குடிமராமத்தை முன்னோடியாகக் காட்டுகின்றனர். குடிமக்களே செய்யும் மராமத்து, அதாவது பழுதுபார்ப்பு, என்பது அச்சொல்லின் பொருள். அதற்கும் முந்தைய சான்றாக, முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்ற குழுவைக் குறிப்பிடுகின்றன, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதன் உறுப்பினர்கள் ஓராண்டுக் காலம் பொறுப்பு வகித்தனர். இவ்வேற்பாட்டின் நேர்த்தி வியப்புக்குரியது. எனினும் வரிசெலுத்தும் சொந்த நிலமும் மனையும் கல்வித் தகுதியும் உடையவர்களே அக்குடத்தில் பெயர் இடப்படத் தகுதி பெற்றனர் என்பதையும் அதே கல்வெட்டுகள் தெளிவாகக் கூறுகின்றன. மண் சுமந்தவர்கள் யார் என்பதை அவை கூறவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில், சென்னை மாகாணத்துக்கென இயற்றப்பட்ட 1858-ஆம் ஆண்டின் முதல் சட்டம், வெள்ளக் காலத்தில் கரை உடையாமல் காக்க ஆட்களை வலுக்கட்டாயமாக அழைக்கவும், பாசனப் பணிகளில் வழக்கமாகச் செய்துவந்த உழைப்பைக் கட்டாயப்படுத்தவும் வழிசெய்தது. தானாகவே நடந்துவந்த ஒரு மரபுக்கு இத்தகைய சட்டம் எதற்குத் தேவைப்பட்டது என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2003-இல் வெளியிட்ட ‘நீரின் ஆட்சி’ எனப் பொருள்படும் ஆங்கில நூலில், இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் ஏரிகளை ஆராய்ந்து, அரசரும் சமீன்தாரும் கோயிலும் ஊர்த்தலைமையும் சேர்ந்த அதிகார உறவுகளே ஏரிகளைத் தாங்கி நின்றன என்றும், தன்னாட்சி பெற்ற கிராமத்தின் தொன்மரபு என்ற சித்திரத்தைக் காலனி அரசு பெருமளவுக்குத் தன் வசதிக்காக வரைந்துகொண்டது என்றும் வாதிடுகிறார். மடையைத் திறந்து அடைத்து வயல்தோறும் நீர் பகிர்ந்த நீர்க்கட்டி அல்லது நீர்பாய்ச்சி எனப்பட்டோர் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள். களத்துமேட்டில் நெல்லாக அளக்கப்பட்ட பங்கை அவர்கள் பெற்றனர். அப்பங்குக்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமை அதனுடன் சேர்த்து அளக்கப்படவில்லை.

எனவே பழைய முறையிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது எது, விட்டுவிட வேண்டியது எது என்பதில் தெளிவு வேண்டும். உழைப்புக்கும் நீர்ப்பங்குக்கும் இடையே இருந்த கண்கூடான பிணைப்பு அதன் உயிர்நாடி. கரையில் மண் போட்டவரின் வயலுக்கு மடைநீர் வந்தது, போடாதவர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சாதியின் வலுக்கட்டாயம் அதன் நோய். இன்றைய தன்னார்வ முயற்சிகள் அந்நோயைப் பெரும்பாலும் கைவிட்டது பெரும் சாதனை. ஆனால் பலர் அறியாமலே அந்தப் பிணைப்பும் கூடவே அறுந்துவிட்டது: கரையில் மண் போடுவோர் பலருக்கு அந்த ஏரியின் ஆயக்கட்டில் ஒரு குழி நிலமும் இல்லை, நிலமுள்ளோர் பலர் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருப்பதால் மடைக்கு வருவதே இல்லை.

குடிமராமத்து என்ற பெயரிலேயே 2017-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம், செலவில் 10 விழுக்காட்டைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று விதித்ததன் மூலம் இப்பிணைப்பைப் புதுப்பிக்க முயன்றது. கருத்தளவில் இது சரியான விதி. ஆனால் பாசனதாரர் சங்கம் மழைக்காலத்திலும் கோடையிலும் கூடி முடிவெடுக்கும் உயிருள்ள அமைப்பாக இல்லாத ஊரில், அந்தப் பத்து விழுக்காட்டை ஒப்பந்ததாரரே கணக்கில் நிரப்பிவிட இடமுண்டு. அப்போது பெயரில் மட்டுமே குடிகள் எஞ்சுவர்.

தூர்வாரும் பணியைச் சற்று அருகில் நின்று பார்ப்பது பயனுடையது. நன்கொடையாகத் திரட்டும் பணத்தில் பெரும்பகுதி பொக்லைன் எந்திரத்தின் மணிவாடகைக்கே செல்கிறது. வாடகை ஓடுவதால், எங்கே எவ்வளவு ஆழம் வேண்டும் என்று மட்டம் பார்க்கப் பொறுமை இருப்பதில்லை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது; கால்நடைக்கும் சுற்றுக்கிணறுகளின் ஊற்றுக்கும் அது உதவலாம், ஆனால் பாசனத்துக்கென்று தோண்டியவர்கள் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். கரையின் அடிவாரத்தை ஒட்டி மண்ணெடுத்தால் கரை வலுவிழக்கும். பல தலைமுறைகளாகப் படிந்து நீரைத் தாங்கிப் பிடித்த களிமண் அடுக்கை வாரி எடுத்து அடியிலுள்ள மணலைத் திறந்துவிட்டால், அடுத்த ஆண்டு ஏரி நிரம்பிய வேகத்திலேயே வற்றவும் கூடும். மூத்த உழவர்கள் வண்டலை மட்டும் கரண்டி பிடித்துத் தட்டையாக வழித்து வண்டியில் ஏற்றி வயலுக்கு அடித்ததற்குக் காரணம் இருந்தது: ஏரிக்கு இடமும் வயலுக்கு எருவும் ஒரே வேலையில் கிடைத்தன, அடிமண் கலங்கவில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, பணிக்குத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே இருக்கிறது. ஏரியின் நடுப்பகுதியைத் தோண்டுவதை யாரும் எதிர்ப்பதில்லை. ஊரே கூடி நின்று மகிழ்கிறது. வரத்துக்கால்வாயோ பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்ட இடத்தில் குறுகி, ஒருவர் வீட்டுச் சுவருக்கு அடியில் மறைந்து, சாலை போட்டபோது குழாயாகச் சுருங்கி வருகிறது. அதில் கைவைப்பது உறவையும் அண்டையையும் பகைத்துக்கொள்வதாகும். ஆகவே பகை இல்லாத இடத்தில் ஆழம் கூடுகிறது, நீர் வர வேண்டிய வழி அடைபட்டே கிடக்கிறது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கு 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வழிவகுத்திருந்தாலும், நில அளவையரை வரவழைத்து எல்லைக்கல் நடவைப்பது அரசின் வேலை. தன்னார்வலர் அதை வற்புறுத்தலாமே ஒழியத் தாமே செய்துவிட முடியாது. செய்ய முயன்றால் நியாயம் இருந்தும் வழக்கில் சிக்குவார். அரசு செய்ய வேண்டியதை மக்களின் ஆர்வத்தைக் காட்டித் தள்ளிப்போடும் போக்கு எங்கு தலைதூக்கினாலும், அங்கே தன்னார்வம் தன்னை அறியாமல் அந்தத் தாமதத்துக்குத் துணைபோகிறது. இது வருத்தத்துக்குரியது.

காட்டில் செய்யும் பணிக்கு இன்னும் நுட்பமான அறிவு வேண்டும். உண்ணிச்செடி தென்னிந்தியக் காடுகளின் தரைத்தளத்தைப் புதராக மூடி, புல்லையும் இளமரக் கன்றுகளையும் எழவிடாமல் தடுக்கிறது. அதைத் தரைக்கு மேல் அரிவாளால் வெட்டினால், தண்டும் வேரும் கூடும் பகுதியிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே சில சென்டிமீட்டர் ஆழத்தில், அந்தத் துளிர்ப்பகுதிக்கும் அடியில், முதன்மை வேரைக் கடப்பாரையாலோ மண்வெட்டியாலோ அறுத்து, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவைத்தால் அது காய்ந்துபோகும். பூத்துக் காய்ப்பதற்கு முன்பு இதைச் செய்ய வேண்டும். அவ்வாறு செய்த பின்னும், கருநீலப் பழத்தைத் தின்ற பறவைகள் அமரும் மரங்களின் அடியிலும் ஓடைக்கரையிலும் மறு மழைக்குப் பச்சைப் பசேலென நாற்றுகள் முளைத்து நிற்கும். அவற்றைத் தொடர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் பிடுங்க வேண்டும். முதல் நாளில் நூறு பேர் வந்து வெட்டிய இடத்துக்கு மூன்றாம் ஆண்டில் ஐந்து பேர் வந்தால் போதும்; அந்த ஐவர் வராவிட்டால் நூறு பேரின் உழைப்பு வீண்.

கன்று நடுவதிலும் இடமறிதலே முதன்மை. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காடுகளை அடுத்து விரிந்திருந்த புல்வெளிகள் வெறும் தரை எனக் கருதப்பட்டு, அவற்றில் தைல மரமும் வாட்டில் மரமும் நடப்பட்டதால், மழைநீரைத் தாங்கி ஆண்டு முழுவதும் கசியவிடும் நிலப்பரப்பு சுருங்கியது. மரம் இல்லாத இடமெல்லாம் மரத்துக்குக் காத்திருக்கிறது என்ற எண்ணத்தோடு புல்வெளியிலும் ஏரியின் நீர்ப்பரப்புக்குள்ளும் கன்று நடும் இன்றைய ஆர்வம், பிழை என்று தெரிந்த பழைய வழியிலேயே மீண்டும் நடக்கிறது. சீமைக்கருவேல அகற்றம் மற்றொரு வகைச் சிக்கல். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவை ஒட்டி அப்பணி வேகம் பெற்றது. ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்த அம்மரத்தை வேரோடு எடுப்பது தேவையே. ஆனால் இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட ஊர்களில் அதே மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் நிலமற்ற குடும்பங்கள் பல உண்டு. அவர்களிடம் ஒரு சொல் கேட்காமல் வெளியூரிலிருந்து எந்திரத்தோடு வரும் தொண்டு, அவர்களுக்குத் தொண்டாகத் தெரிவதில்லை.

யாருடைய நேரம் இலவசம் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் குளம் வெட்டியும் வாய்க்கால் தோண்டியும் வந்தோரில் பெரும்பான்மையோர் பெண்கள். நூறு நாள் வேலை என்று ஊரில் வழங்கிய அப்பணி அவர்களுக்குக் கூலி தந்தது. அதே வாய்க்காலை ஞாயிற்றுக்கிழமை ஒரு குழு இலவசமாகச் செய்யும்போது, அக்குழுவுக்குப் பாராட்டும் அப்பெண்களுக்கு வேலை செய்யாதவர்கள் என்ற பழியும் கிடைப்பது நேர்மையன்று. வயிற்றுப்பாடு முடிந்த பின்னரே நேரம் மிஞ்சும் என்பதால், தன்னார்வக் குழுவின் முகம் வசதியுள்ளோர் முகமாகவே அமைந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

பங்கு இருக்கும் இடத்தில் நிலைமை எவ்வாறு மாறும் என்பதை மேற்கு வங்கத்தின் அராபாரி காட்டியது. 1970-களில் அழிந்துகொண்டிருந்த குங்கிலியக் காட்டைக் காக்கும் ஊர்களுக்கு, விறகு முதலிய பொருள்களோடு மர விற்பனை வருவாயில் 25 விழுக்காடும் தரப்படும் என்று வனத்துறை ஒப்புக்கொண்டதும் மக்கள் காவல் காத்தனர், அடிக்கட்டைகளிலிருந்தே காடு மீண்டது. இதை முன்மாதிரியாகக் கொண்டு 1990-இல் நடுவண் அரசு கூட்டு வன மேலாண்மைக்கு வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 1997 முதல் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. அக்குழுக்களில் உழைப்பு ஊருடையதாகவும் முடிவு பெரும்பாலும் துறையுடையதாகவும் இருந்ததால், திட்டப் பணம் நின்ற பல இடங்களில் குழுவும் ஓய்ந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒருபடி மேலே சென்று, மரபாகக் காத்துவந்த சமூகக் காட்டு வளத்தைப் பேணி மேலாளும் உரிமையைச் சட்ட உரிமையாகவே ஏற்றது. தன்னார்வப் பணியைப் பாராட்டும் அரசுகள் அவ்வுரிமையை வழங்குவதில் அதே விரைவைக் காட்டுவதில்லை.

பங்கு உள்ளோரின் காவலுக்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. வேடந்தாங்கலில், பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அறிந்த உழவர்கள் அப்பறவைகளைச் சுடவிடாமல் தடுத்து, 1798-இல் செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து அதற்கு ஆணையும் பெற்றனர். சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியில் கூடு கட்டும் பறவைகள் மிரளாதிருக்கத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எந்தப் பட்டியலிலும் பணி எனப் பதிவாகாத இத்தகைய விழிப்பே தன்னார்வத்தின் மிக உயர்ந்த வடிவம். நாள்தோறும் அங்கேயே வாழும் கண்ணுக்கு மட்டுமே அது இயலும்.

மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஏரிகள், சுனைகள், பறவையினங்கள் பற்றி உள்ளூர் ஆர்வலர்கள் நெடுங்காலமாகப் பார்த்துக் குறித்துவந்தவை அதற்குத் துணைநின்றன. இரண்டே ஆண்டுகளில், அத்தலத்தையும் உள்ளடக்கி ஏறத்தாழ 2,000 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் கனிமச் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தபோது, சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபைகளைக் கூட்டித் தீர்மானம் இயற்றின. எந்த ஏரி எந்த மலையிலிருந்து நீர் பெறுகிறது என்று பெயர் சொல்லிக் காட்ட அவ்வூர் மக்களால் முடிந்தது. 2025 சனவரியில் நடுவண் அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. பாரம்பரியத் தலம் என்ற காப்பு மட்டும் இன்றும் அந்த 193 ஹெக்டேரோடு நிற்கிறது. அவ்வூர்களின் ஏரிகளுக்கு நீர் வரும் வழிகள் அதற்கு வெளியேயும் ஓடுகின்றன.