முகவீணைக்கு முன்னுரிமை

செஞ்சிப் பக்கத்துத் தெருக்கூத்துக்கு ஒலி அமைப்பவருக்கு முகவீணைதான் சோதனை. மிருதங்க அடியோடு ஒரு ‘டக்’ விழுந்தால் யாருக்கும் தெரியாது. மேலச்சேரி திரௌபதி அம்மன் வாசலில், விடியும் நேரத்து முகவீணை இழுப்பின் நடுவில் அது விழுந்தால் காது பொறுக்காது.

மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒலியை லினக்ஸ் மடிக்கணினி வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும்போது, நொடிக்கு 48,000 சாம்பிள், பஃபர் 128 என்று வைத்தால், 2.67 மில்லிநொடிக்கு ஒரு கட்டு வரும். அடுத்தது வருமுன் இதை முடிக்காவிட்டால் ‘டக்’. பஃபரை 1024 ஆக்கலாம். வெறும் பதிவுக்கு அது தாராளம். ஆனால் ஒரு கட்டுக்கே 21 மில்லிநொடி ஆகிவிடும், ஊதுகிறவர் தன் ஒலியைத் தானே தாமதமாகக் கேட்பார். புது ப்ராசசர் வாங்கியும் இது தீராததைப் பார்த்திருக்கிறேன். இங்கே தகராறு வேகத்தில் இல்லை, எந்த வேலை முதலில் என்ற வரிசையில்.

அந்த வரிசையை நம் கையில் கொடுத்ததுதான் லினக்ஸின் அழகு. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலும் ‘ரியல்டைம்’ என்று ஒன்று உண்டு. ஆனால் டிரைவர்களின் இன்டரப்ட் வேலை (சாதனம் குறுக்கிட்டுக் கேட்பதைச் செய்வது) அதற்கும் மேலே, நாம் தொட முடியாத உயரத்தில் ஓடும். லினக்ஸில் 2011-இல் வந்த 2.6.39 முதல், பூட் வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்த வேலைகள் பெரும்பாலும் தனித்தனி கெர்னல் த்ரெட்களாகப் பிரிந்துவிடும். ‘பிஎஸ்’ கட்டளை கொடுத்தால் சதுர அடைப்புக்குள் பெயரோடு நிற்கும். ஒலிப்பெட்டி செருகிய யூஎஸ்பி, வைஃபை, டிஸ்க் எல்லாவற்றுக்கும் ஆரம்பத்தில் ஒரே முன்னுரிமை எண்: 50.

சமத்துவம் நல்லதுதான், கூத்து மேடைக்கு ஆகாது. ரூட் அனுமதியோடு ‘சிஎச்ஆர்டி’ கட்டளையால் யூஎஸ்பி த்ரெட்டை 85-க்கு ஏற்றுங்கள். ஒலியைப் பங்கிடும் ‘ஜாக்’ 70-இல் இருக்கட்டும், பதிவு மென்பொருள் அதற்குச் சற்றுக் கீழே. ஜாக்கை யூஎஸ்பிக்கு மேலே வைப்பது, சோறு வடிப்பவரை நிறுத்திவிட்டுப் பரிமாறுபவரை விரட்டுவது மாதிரி. போர்த்துகீசியரான ரூய் நூனோ காபேலாவின் ‘ஆர்டிஐஆர்க்யூ’ இதைத் தானாகவே செய்யும்: பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால் மேலிருந்து எண்ணை இறக்கிக்கொண்டே வரும். சின்ன ஷெல் நிரல்தான். படித்துப் பாருங்கள், சுகமாக இருக்கும்.

புதிதாகக் கற்றவர் எல்லாவற்றுக்கும் 99 போடுவார். அது கெர்னல் தன் சொந்தக் காரியங்களுக்கு வைத்திருக்கும் இடம். தேர்ந்தவர் கை வைத்த கணினியில் இரண்டு மூன்று எண்கள்தான் மாறியிருக்கும். கெர்னலும் ஏமாளி இல்லை. நிகழ்நேர வேலை எவ்வளவு முண்டியடித்தாலும், இயல்பான அமைப்பில் நொடிக்கு 0.05 பங்கை மற்றவற்றுக்கு ஒதுக்கிவிடும். இல்லாவிட்டால் தறிகெட்ட நிரல் ஒன்று மவுசைக்கூட அசையவிடாது.

சுமார் இருபது ஆண்டு வெளியே ஒட்டுப்போட்டு வந்த நிகழ்நேரக் கெர்னல், 2024 நவம்பரில் வெளியான 6.12-இல் மூலக் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. நிகழ்நேர வசதியை இயக்கிக் கட்டிய கெர்னலில் இன்டரப்ட்கள் த்ரெட்டாக ஓடுவதே வழக்கம், பூட் வரியைத் தொட வேண்டியதில்லை. எண்களை மட்டும் நாம்தான் போட வேண்டும். வைஃபைக்கு எந்த எண் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கூத்து முடியும்வரை அதை அணைத்து வையுங்கள்.