கணக்கில் வராத உடல்கள்

எத்தனை அறுவை மருத்துவர்கள் வேண்டும் என்பதை இனி எந்திரமே சொல்லிவிடும் என்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேடுகள், மக்கள்தொகை, மருத்துவர்களின் வயது எல்லாவற்றையும் 'எந்திரக் கற்றலு'க்குள் கொட்டினால் பத்துப் பதினைந்து வருடத் தேவை வந்து விழுமாம். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் எந்திரம் எதைப் படித்துக் கற்றுக்கொள்கிறது?

பெரும்பாலும், நடந்து முடிந்த அறுவைகளை. கத்தி பட்ட உடலுக்குப் பதிவு உண்டு, பில் உண்டு. குடலிறக்கத்தைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கப் போகிறவருக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது. எந்திரத்தின் மொழியில் அவர் தேவை பூஜ்யம். கிடைக்காமை என்பது தேவையின்மையாக உருமாறுவது இப்படித்தான். டாக்டர் இல்லாத ஊரில் ஆபரேஷன் நடக்காது. ஆபரேஷன் நடக்காத ஊருக்கு டாக்டர் எதற்கு என்று கேட்கும் கணக்கு.

வெறும் பயமுறுத்தல் என்று இதைத் தள்ள முடியாது. அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு நிரலை 2019இல் ஸியாத் ஓபர்மேயரும் சகாக்களும் 'சயன்ஸ்' இதழில் அவிழ்த்துக் காட்டினார்கள். யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று சொல்ல வந்த அது, நோயை அளப்பதற்குப் பதில் செலவை அளந்தது. கறுப்பின மக்களுக்காகச் செலவானது குறைவு. ஆகவே அதே மதிப்பெண் பெற்ற வெள்ளையரைவிட அவர்கள் கூடுதலாக நோயுற்றிருந்தார்கள். இந்தக் கோளாறைச் சரிசெய்தால் உதவி பெறுவோரில் கறுப்பர்களின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 ஆக உயரும். இத்தனைக்கும் 'இனம்' என்ற தகவலே நிரலுக்குள் போகவில்லை!

மனிதர்கள் போட்ட கணக்கு மட்டும் யோக்கியமா? அமெரிக்க அரசு அமைத்த குழு 1980இல், 1990க்குள் 70,000 மருத்துவர்கள் மிகையாவார்கள் என்றது. 'மிகை' பற்றிய சொல்லாடல் தொண்ணூறுகளிலும் ஓயவில்லை. 1997இல் ஒரு சட்டம், மெடிகேர் நிதி பெறும் பயிற்சி மருத்துவர் இடங்களுக்கு உச்சவரம்பு கட்டியது. 2024இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் சொல்கிறது: 2036க்குள் 86,000 பேர் வரை பற்றாக்குறை. கணிப்பு என்பது எதிர்காலத்தை எட்டிப் பார்க்கும் ஜன்னல் என்று நம்ப வைக்கிறார்கள். அது சட்டமாகிறது, நிதியாகிறது, பயிற்சி இடமாகிறது, எதிர்காலத்தைக் கட்டமைக்கிறது.

வேறு மாதிரியும் எண்ணலாம். 2015இல் உலக அறுவைச் சிகிச்சை பற்றிய லான்செட் ஆணையம் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை எட்டவில்லை என்றது. ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் ஆண்டுக்கு இன்னும் 14.3 கோடி அறுவைகள் தேவை என்றது. இவை நடக்காத அறுவைகளைத் தேடிப் போன எண்கள். நோயின் பரவல், பிரசவ மரணம், ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரம் ஆகியவற்றைக் கொடுத்தால் எந்திரமும் இதைக் கற்கும். எந்திரத்தோடு நமக்குப் பகை இல்லை. எதை எண்ணு என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பவர் யார் என்பதுதான் அரசியல். அடுத்த முறை ஒரு கணிப்பு அறிக்கை வரும்போது முதலில் கேட்க வேண்டியது: இந்த எண் செய்யப்பட்ட அறுவைகளிலிருந்து வந்ததா, மறுக்கப்பட்டவையும் இதில் உண்டா? பதில் வராமல் அந்த அறிக்கையை வைத்து ஒரு இடத்தையும் வெட்ட விடக்கூடாது.