பதக்கப் பட்டியலில் 1961

அமெரிக்க தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்போட பழைய பதக்கப் பட்டியலில், 1994 பெண்கள் தங்கத்துக்கு நேரே யார் பெயரும் இல்லை. நான்சி கெரிகன் தாக்கப்பட்ட விவகாரத்தில் டோன்யா ஹார்டிங்கின் பட்டத்தைப் பறித்தார்கள். வெள்ளி வாங்கிய மிஷெல் குவானை மேலே ஏற்றவும் இல்லை. சரியான முடிவு. அந்தக் காலியிடத்தைப் பார்த்தாலே ஏதோ நடந்திருக்குன்னு தெரிஞ்சுடும்.

1961 வரிசையில் அப்படி எதுவும் தெரியாது. தங்கம் 16 வயது லாரன்ஸ் ஓவன், அடுத்து ஸ்டெஃபனி வெஸ்டர்ஃபெல்ட், ரோட் லீ மைக்கல்சன். மூவரும் சில வாரங்களிலேயே, பிப்ரவரி 15 அன்று, உலகப் போட்டிக்காக பிராக் போகும் வழியில் பிரஸ்ஸல்ஸ் அருகே விமானம் விழுந்து இறந்தார்கள். அணியின் 18 பேருமே போயாச்சு.

ஆண்கள் வரிசை இன்னும் மோசம். வெண்கலம் டிம் பிரவுன். உடம்பு சரியில்லாமல் அவர் விலகியதால், நான்காவது வந்த டக்ளஸ் ராம்சே அந்த விமானத்தில் ஏறினார். முதல் மூன்று பேரை மட்டும் போடும் பட்டியலில் ராம்சேக்கு இடமே கிடையாது. (இப்போ நான்காம் இடத்துக்கும் பியூட்டர் பதக்கம் தர்றாங்க.) ஒரு அடிக்குறிப்பு போட்டா என்ன குறைஞ்சிடும்?

1962 வரிசைக்கும் ஒண்ணு வேணும். அதில் தங்கம் வாங்கிய பார்பரா ரோல்ஸ், 1960 ஒலிம்பிக் வெண்கலத்துக்குப் பிறகு ஓய்வு பெற்றிருந்தவர். விபத்துக்கு அப்புறம்தான் திரும்பி வந்தார்.