அலிஃப் லைலாவில் நாம் எங்கே?

மாயக் கதைக்கு அரசியல் ஏது என்று வினவுவோர் உளர். தூர்தர்சனில் 1993 இல் தொடங்கி 1997 வரை நீண்ட ‘அலிஃப் லைலா’ தொடரை அவர்கள் மீண்டும் ஒருமுறை பார்ப்பார்களாயின், இவ்வினாவை இத்துணை எளிதாக எழுப்பமாட்டார்கள்.

‘ஆயிரத்தொரு இரவுகள்’ கதைகளைத் தழுவி இத்தொடரை உருவாக்கியோர் இராமானந்த் சாகர் குடும்பத்தார். 1987-88 இல் இராமாயணத்தை இல்லந்தோறும் சேர்ப்பித்தவர்களும் அவர்களே. பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது 1992 டிசம்பர் 6 இல். அப்புண் ஆறுமுன்னரே பாக்தாதும் பஸராவும் இந்திய வீடுகளுக்குள் விருந்தாக வந்தன. ஆவடியின் தொழிற்சாலைக் குடியிருப்பில், இந்தி அறிந்தாரும் அறியாதாரும் ஒரே கூடத்தில் அமர்ந்து சிந்துபாத்தின் கப்பலுக்காகக் கவலைப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம். முஸ்லிம் பெயர் தாங்கிய ஒருவன் வெல்லவேண்டுமென்று அண்டை வீட்டார் விரும்பிய அம்மாலைப் பொழுதுகளை இன்றும் நன்றியுடனேயே நினைக்கிறோம்.

ஆயினும், வாளும் தலைப்பாகையும் மாயக் கம்பளமும் இன்றி அத்திரையில் முஸ்லிமுக்கு உருவமில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் எட்டுமணி நேரம் லேத்தின் முன் நிற்கும் முஸ்லிமை அவ்வாண்டுகளில் எந்தத் தொடரில் கண்டோம்? நம் உறவினர் வீட்டுச் சிறுவன் ஒருவனைப் பள்ளியில் ‘அலிபாபா’ என்றே அழைத்தனர். ‘உன் வீட்டு விளக்கைத் தேய்த்தால் பூதம் வருமா?’ என்றனர். ஆசிரியரும் உடன் சிரித்தாராம். பையனின் தகப்பனாரோ லேத் ஓட்டுபவர்.

மொழியையும் சொல்ல வேண்டும். தொடரின் மாந்தர் பேசியது உருது கலந்த இந்தி. முஸ்லிமின் மொழி இதுவே என்று பார்த்தோர் முடிவுகட்டினர். கிஸ்ஸாவும் மசலாவும் நாமாவும் முனாஜாத்தும் தமிழிலேயே பாடிய மரபு நம்முடையது. ‘ஆயிர மசலா’ அரங்கேறிய ஆண்டு 1572. 1956 இல் மாடர்ன் தியேட்டர்ஸாரின் அலிபாபா வண்ணத்தில் தமிழ் பேசினான் என்பது உண்மையே. பேசியவர் எம்.ஜி.ஆர். அவரைப் பார்த்து முஸ்லிமை அறிந்துகொண்டவர் எவருமிலர்!

கதையின் உயிர் ஷஹ்ரஸாத். ஒவ்வொரு நாளும் ஒரு பெண்ணை மணந்து விடியலில் கொல்லும் அரசன்; அவன் ஆணையை நிறைவேற்றும் வஸீர் அவளுடைய சொந்தத் தந்தை. கொடுங்கோலின் கருவியாய் நின்றவர் வீட்டு வாசலுக்கே வாள் வந்து சேர்கிறது. இதனினும் கூரிய அரசியல் வேறென்ன வேண்டும்? தந்தை தடுத்தும் அவள் தானே முன்வருகிறாள். கையில் சொல்லன்றி வேறொன்றுமில்லை. தொடரோ சித்துவேலைகளில் மயங்கி, அவளைக் கதைகளுக்கு முகவுரை சொல்பவளாகச் சுருக்கிவிட்டது. இஃதே நம் பெருங்குறை. ஜின்களைக் கைகட்டி நிற்கும் ஏவலாளராக்கியது சிறுகுறை; திருக்குர்ஆனின் 72 ஆம் அத்தியாயம் காட்டும் ஜின்கள், கேட்டுச் சிந்தித்து ஈமான் கொள்ளும் படைப்புகள்.

டிஸ்னியாரின் 1992 ஆம் ஆண்டு ‘அலாதீன்’ படத்தில் அரபு நாட்டை இழித்த பாடல் வரியொன்று, அரபு அமெரிக்கர் எதிர்த்தமையால் மறு ஆண்டே மாற்றப்பட்டது. நாமோ ஓர் அஞ்சலட்டையும் எழுதினோமில்லை.

அலாவுதீன் கதையைப் பிரெஞ்சுக்காரர் கலாந்துக்கு 1709 இல் பாரிஸில் சொன்னவர், ஹன்னா தியாப் என்னும் அலெப்போ நகரத்துக் கிறித்தவர். அச்சேறிய நூலில் அவர் பெயரில்லை. அக்கதையில் அலாவுதீன் பாக்தாதுக்காரனும் அல்லன். சீன நகரொன்றின் ஏழைத் தையற்காரர் மகன். இதனை அச்சிறுவனிடம் சொன்னோம். சற்று யோசித்தான். ‘அப்படியென்றால் அவன் அத்தாவும் வேலைக்குப் போவாரா?’ என்று கேட்டான்.