ஒரு மரமும் ஆறு மனிதரும்: சிரவணபெளகொளா மடத்துச் சுவரோவியம்

பெங்களூரிலிருந்து சிரவணபெளகொளா போகும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் விந்தியகிரியில் படியேறி, கோமடேசுவரரை வணங்கி, இறங்கி வந்து இளநீர் குடித்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். கீழே ஊருக்குள் இருக்கும் சமண மடத்தின் சுவரோவியங்களையும் அவசியம் பார்க்கணும். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் (1794–1868) தசரா தர்பார், பார்சுவநாதரின் சமவசரணம், பரதச் சக்கரவர்த்தியின் வரலாறு ஆகியவற்றோடு அங்கே ஒரு வனக்காட்சியும் உண்டு. அதில் ஒரு மரம், அந்த மரத்தில் ஆறு மனிதர்கள்.

இவர்கள் சமண நூல்கள் கூறும் ஆறு லேசியைகள். லேசியை என்பது தோலின் நிறம் அல்ல, உயிரின்மேல் படியும் எண்ணத்தின் சாயம். பசியோடு வந்த ஆறு வழிப்போக்கர் பழமரம் ஒன்றைக் காண்கிறார்கள். கருமைக்காரன் வேரோடு சாய்க்க நினைக்கிறான். நீலம் அடிமரத்தையும், புறாநிறம் பெருங்கிளையையும், மஞ்சள் சிறுகிளையையும் வெட்ட நினைக்கின்றன. தாமரைநிறத்தான் பழத்தை மட்டும் பறிப்பான். வெண்மைக்காரன் உதிர்ந்ததைப் பொறுக்குவான். இந்த உவமை கோமட்டசாரத்தில் உள்ளது. அதை இயற்றியவர், மலைமேல் சிலையை நிறுவிய சாமுண்டராயரின் குருவான நேமிசந்திரர்.

'கறுப்பு கெட்டவன், வெள்ளை நல்லவன்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்துவிடுகிறோம். அது போதாதுங்க. ஆறு பேருக்கும் பசி ஒன்றுதான். வெண்மைக்காரனும் துறவி அல்லன், அவனும் சாப்பிடத்தான் வந்தான். சாப்பிடாதே என்று ஓவியம் சொல்லவில்லை, எப்படிச் சாப்பிடுகிறாய் என்றுதான் கேட்கிறது.

இன்னொன்று. நூலில் ஒருவர்பின் ஒருவராக வரும் ஆறு எண்ணங்களை, ஓவியன் ஒரே மரத்தில் ஒரே நேரத்தில் வைத்துவிட்டான். இதனால் பொருளே மாறுகிறது. வேரில் விழும் கோடரி மற்ற ஐவர் பசிமேலும் விழுகிறது. மரம் சாய்ந்தால் உதிர்வதற்குப் பழமேது? வியாபாரத்தில் இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒருவன் கலப்படம் செய்தால் கடைவீதி முழுவதற்கும்தான் பெயர் கெடும்.

மரத்தை வெறும் பின்னணி என்று பார்ப்பதும் சரியல்ல. தொல்காப்பியம் மரத்தை ஓரறிவுயிர் என்கிறது, சமணமும் அப்படியே. ஆகவே இந்த ஓவியத்தில் உயிர்கள் ஆறல்ல, ஏழு. வலியை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஏழாவது உயிரை வைத்துத்தான் மற்ற ஆறும் அளக்கப்படுகின்றன.

இதன் பிறகு மலைமேல் நிற்கும் பாகுபலியை நினைத்துப் பாருங்கள். மடத்துச் சுவரில் மனிதர் மரத்தில் ஏறுகிறார்கள். அங்கே, அண்ணன் பரதனை வென்றும் நாட்டை வேண்டாமென்று விட்டவரின் கால்களிலும் கைகளிலும் மாதவிக்கொடி ஏறிப் படர்கிறது. அவர் அதை விலக்கவில்லை.

அடுத்த முறை போகும்போது மடத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். எந்த நிறம் நல்லது என்று கேட்க வேண்டாம், அந்த மரத்துக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள்.