மீத்தாவைப் பார்த்து ஏன் சிரித்தோம்?

2017 மே மாதக் கடைசியில் 'இந்தி மீடியம்' படத்தை ராயப்பேட்டையில் பார்த்தோம். நானும் கணவரும் மகளும். படத்தில் மீத்தா தன் கணவனிடம் ஒரு பயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். நல்ல பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் பிள்ளைக்கு நல்ல கல்லூரி இல்லை, பெரிய கம்பெனியில் வேலை இல்லை, சிநேகிதர்கள் ஒதுக்குவார்கள், தனிமை வரும், கடைசியில் போதைக்கு அடிமையாவாள். சின்னக் குழந்தையைப் பற்றிய பேச்சு இது. ஒவ்வொரு முறை அவள் தொடங்கும்போதும் அரங்கமே சிரித்தது. கணவர் என் முழங்கையை இடித்து, "உன் டயலாக்" என்றார். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்புதான் மகளின் பள்ளிக்காகப் பெரம்பூரிலிருந்து அடையாறுக்குக் குடிபெயர்ந்திருந்தோம். அந்தச் சிரிப்பை இத்தனை வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

பார்க்காதவர்களுக்குக் கதை. சாகேத் சௌத்ரி இயக்கிய படம். தில்லி சாந்தினி சௌக்கில் துணிக்கடை வைத்துச் செல்வந்தனானவன் ராஜ் பத்ரா (இர்ஃபான் கான்). ஆங்கிலம் சரியாக வராது, அதில் அவனுக்குக் குறையும் இல்லை. மனைவி மீத்தா (சபா கமர்) மகள் பியாவை நகரத்தின் முதல் வரிசை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கத் துடிக்கிறாள். பள்ளிக்கு 3 கிலோமீட்டருக்குள் வீடு வேண்டும். சாந்தினி சௌக்கை விட்டு, வசதியானவர்கள் வாழும் வசந்த் விஹாருக்குப் போகிறார்கள். நேர்காணலுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் ஆலோசகர். எதுவும் பலிக்கவில்லை. பிறகு ஏழைகளுக்கான ஒதுக்கீட்டில் நுழைவதற்காக ஏழைகளாக நடித்து பாரத் நகர் என்ற குடிசைப் பகுதியில் குடியேறுகிறார்கள். பக்கத்து வீட்டு ஷியாம் பிரகாஷ் (தீபக் தோப்ரியால்) இவர்களுக்காக உயிரையே பணயம் வைக்கிறான். குலுக்கலில் பியாவுக்கு இடம் கிடைக்கிறது, ஷியாமின் மகனுக்குக் கிடைக்கவில்லை. ராஜின் மனசாட்சி விழித்துக்கொள்கிறது. மேடையேறிப் பேசி, மகளை அரசுப் பள்ளியில் சேர்க்கிறான். 2018இல் ஃபிலிம்ஃபேர் சிறந்த படத்துக்கான விருதும், இர்ஃபானுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன.

இர்ஃபானை ரசிக்காமல் இருக்க முடியாது. எனக்கும் அவரைப் பிடிக்கும். அந்தப் பிடித்தத்தை வைத்துத்தான் படம் தன் வேலையைச் செய்துகொள்கிறது.

வேலைப் பிரிவினையைக் கவனியுங்கள். ஆசை மனைவிக்கு, அறம் கணவனுக்கு. இடம்பெயர வேண்டும் என்பவள் அவள், பழைய தெருவின் ஈரத்தை நெஞ்சில் சுமப்பவன் அவன். விருந்தில் மானம் போகிறதே என்று கூசுபவள் அவள், மகளோடு சேர்ந்து ஆடுபவன் அவன். பொய்ச் சான்றிதழ் இருவருடைய பொய்தான் என்றாலும், அதை முதலில் உணர்பவன் அவன். கடைசியில் அவன் பேசி முடிக்கும்போது அவள் கைதட்டி எழுந்து அவனோடு நடக்கிறாள். மீத்தாவின் மனமாற்றம் இவ்வளவுதான். அவளுக்கென்று ஒரு வாதம் இல்லை. கணவனிடம் தோற்றுப்போவதற்குக்கூட ஒரு வாதம் வேண்டுமே, அதுவும் இல்லை.

அவள் யார்? படத்தின் தொடக்கத்தில் தையல் கடைக்குத் தாயோடு வரும் இளம்பெண்ணாகப் பார்க்கிறோம். அடுத்துப் பார்க்கும்போது ஒரு குழந்தையின் தாய். இடையில் என்ன படித்தாள், என்ன ஆக நினைத்தாள், கடைக் கணக்கில் அவளுக்கு என்ன பங்கு? படம் கேட்கவில்லை. ராஜுக்கு ஒரு தொழில் இருக்கிறது. மீத்தாவுக்கு இருக்கிற ஒரே தொழில் பியா. ஒருத்திக்கு ஒரே ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அதில் அவள் பதறுகிறாள் என்று சிரிப்பது என்ன நியாயம்?

மூன்று வருடம் கழித்து வந்த 'அங்கரேசி மீடிய'த்தை இதோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். உதய்ப்பூர் இனிப்புக்கடைக்காரர் ஒருவர் மகளை லண்டனில் படிக்க வைக்கப் படாதபாடு படுகிறார். அவரும் இர்ஃபான்தான். தாய் இறந்துவிட்டாள். அதே மாதிரியான ஆசைதான், இன்னும் பெரிய இடப்பெயர்வுதான். ஆனால் இப்போது அதைத் தூக்கிச் சுமப்பவன் தகப்பன். ஆகவே யாரும் அதை மோகம் என்று சொல்வதில்லை, தியாகம் என்கிறார்கள். நம் 'அபியும் நானும்', 'தங்க மீன்கள்' படங்களிலும் பள்ளிக்கூடம் என்பது அப்பாவுக்கும் மகளுக்குமான பாசக்கதையாகத்தான் நம் மனதில் தங்கியிருக்கிறது. சீருடையைத் துவைத்தது யார் என்பதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

என் கதைக்கு வருகிறேன். 2015இல் ஒரு பள்ளியில் எங்களை அழைத்துப் பேசினார்கள். குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதனால் அதற்கு நேர்காணல் என்று பெயரில்லை, கலந்துரையாடல் என்று பெயர். கணவரிடம் அவர் எந்தத் துறையில் இருக்கிறார் என்று கேட்டார்கள். என்னிடம், "நீங்க வேலைக்குப் போறீங்களா? குழந்தை மூணு மணிக்கு வீட்டுக்கு வந்தா யார் இருப்பாங்க?" என்றார்கள். அந்தக் கேள்வி அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் வீடு எங்கே என்ற கேள்விக்கு "பெரம்பூர்" என்றேன். ஒரு சின்ன மௌனம். இடம் கொடுத்தார்கள், ஆனால் "பக்கத்துல வந்துடறது நல்லது" என்ற அறிவுரையோடு.

மீத்தாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்று படம் கேட்டிருந்தால், இந்த அறைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும். பிள்ளை தேறினால் குடும்பத்தின் பெருமை, தேறாவிட்டால் தாயின் வளர்ப்பு. வகுப்பில் என்ன குறை என்றாலும் போன் தாய்க்குத்தான் வரும். இந்தக் கணக்கு நம் எல்லோருக்கும் தெரியும், அதைத் திறந்து பார்ப்பதுதான் சங்கடம்.

பெரம்பூரில் வாடகை 8,000. அடையாறில் 24,000. என் கைக்கு வந்த சம்பளம் 29,000. பாரிமுனையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அதாவது நான் மாதம் முழுக்க உழைத்தது அந்த முகவரிக்காக. இதை நான் பல வருடம் என் தனிப்பட்ட முட்டாள்தனம் என்றே நினைத்திருந்தேன். எலிசபெத் வாரனும் அவர் மகள் அமேலியா வாரன் தியாகியும் 2003இல் எழுதிய 'தி டூ இன்கம் ட்ராப்' என்ற அமெரிக்க நூலைப் படித்தபோதுதான் அது ஒரு பொருளாதாரம் என்று புரிந்தது. இரண்டு சம்பளம் வாங்கும் குடும்பங்கள் ஏன் அதிகம் திவாலாகின்றன என்பது அவர்களின் கேள்வி. ஊதாரித்தனம் இல்லை என்கிறார்கள். அங்கே எந்த அரசுப் பள்ளி என்பதை வீட்டு முகவரி தீர்மானிக்கிறது. எனவே நல்ல பள்ளி வட்டாரங்களில் வீட்டுக்குப் போட்டி. பெண்கள் வேலைக்குப் போகப் போக, அந்தச் சம்பளமும் போட்டியில் இறங்கியது, விலை ஏறியது. தாயின் வருமானம் முழுக்க வீட்டுக் கடனுக்குள் போய்விட, முன்பு ஆபத்துக் காலத்தில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கக்கூடிய கையிருப்பாக இருந்தவள் இப்போது முன்கூட்டியே செலவழிக்கப்பட்டுவிட்டாள்.

நூலின் பலம் இந்தக் கணக்கு. பெண்கள் வீடு திரும்ப வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. முகவரிக்கும் பள்ளிக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்பதே அவர்கள் தீர்வு. ஆனால் அந்த நூலிலும் தாய் பெரும்பாலும் ஒரு சம்பளச் சீட்டாகவே நிற்கிறாள். முகவரிக்காகக் கொடுத்தது சம்பளம் மட்டும்தானா?

பெரம்பூரில் இரண்டு தெரு தள்ளி அம்மா இருந்தாள். மகள் பால்வாடி விட்டு அம்மா வீட்டுக்குப் போவாள், சாப்பிடுவாள், தூங்குவாள். அலுவலகத்தில் தாமதமானால் பதற்றமே இல்லை. அடையாறுக்கு வந்ததும் அம்மா இருந்த இடம் காலியானது. அதை நிரப்பியது நான்தான், கணவர் இல்லை. 2016இல் பதவி உயர்வு வந்தது. கூடவே வெளியூர் மாற்றமும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். கணவர் தடுக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. "உன் இஷ்டம்" என்றார். எத்தனை வசதியான சொல் அது! என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர் இன்று கிளை மேலாளர். நான் இன்னும் கஸ்தூரிபா நகரில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு தேடியபோது ஏழு வீட்டில் முதல் கேள்வி "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்பதுதான். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி இல்லை என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிடைத்த வீட்டில் மீன் சமைக்கும் நாளில் ஜன்னலைச் சாத்தப் பழகினேன். சமைப்பவள் நான் என்பதால் ஒளிப்பதும் என் வேலை. 'இந்தி மீடிய'த்தில் வசந்த் விஹார்க்காரர்கள் பத்ரா குடும்பத்தை ஒதுக்குவது ஆங்கிலத்துக்காக மட்டுமே. ஒதுக்கீட்டையும் படம் ஏழ்மை ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது. சட்டத்தின் 12(1)(சி) பிரிவு நலிந்த பிரிவினரோடு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அடங்கிய பின்தங்கிய குழுக்களையும் சொல்கிறது. சாதியை எடுத்துவிட்டால், குடிசைக்குப் போய்த் திரும்புவது ஒரு மாறுவேடப் போட்டியாகிவிடும். மாறுவேடத்தைக் கழற்ற முடியாதவர்கள் இந்தப் படத்தில் வருவதற்கு இடமே இல்லை.

பொய் முகவரியும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ராஜ் உண்மையைச் சொன்ன பிறகும் வழக்கு இல்லை, கைது இல்லை. 2011இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் ஆக்ரன் நகரில் ஒரு கறுப்பினத் தாய், பக்கத்து வட்டாரத்தில் இருந்த தன் தந்தையின் முகவரியைக் காட்டி இரு மகள்களை அங்கே படிக்க வைத்ததற்காக ஒன்பது நாள் சிறையில் இருந்தார். அங்கே யாரும் சிரிக்கவில்லை, கைதட்டவும் இல்லை.

பாரத் நகர்க் காட்சிகளில் எனக்கு நிறைவான ஒன்று உண்டு. தெருப் பெண்களிடமிருந்து மீத்தா வாழக் கற்றுக்கொள்ளும் கொஞ்ச நேரம். அதை நீட்டியிருந்தால் வேறு படம் கிடைத்திருக்கும். ஆனால் படத்துக்கு ஷியாமின் தியாகம் போதும், அவன் மனைவி பெயரளவுக்குத்தான் இருக்கிறாள்.

அந்த மனைவியை நான் வேறு இடத்தில் பார்த்தேன். அடையாறு வீட்டில் எங்களுக்கு வேலை செய்தவர் சைதாப்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரையில் குடியிருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அவரும் போனார். அதுவும் பள்ளி ஆண்டின் நடுவில். நாங்கள் பள்ளிக்காக இடம்பெயர்ந்த அதே ஆண்டு, அவர் மகளைப் பள்ளியிலிருந்து தள்ளி இடம்பெயர்த்தார்கள். தமிழ்நாட்டில் 25 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குப் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். நகரத்தின் பெரிய பள்ளிகளுக்குப் பக்கத்தில் ஏழைகள் இருந்ததே அந்தக் கரைகளில்தான்.

அவர் மகளைப் பழைய பள்ளியிலிருந்து எடுக்கவில்லை. "அங்க சேர்த்துட்டா அங்கேயே நின்னுடுவா அக்கா" என்றார். விடியும் முன் பேருந்தில் ஏறி மகளோடு எங்கள் வீட்டுக்கு ஆறரைக்கு வந்துவிடுவார். அவர் பாத்திரம் தேய்க்கும் நேரத்தில் அந்தப் பெண் கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். என் மகள் அப்போதுதான் எழுந்து வருவாள். ஏழரைக்கு என் மகளின் வேன் வரும். எட்டரைக்கு அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு நடப்பாள்.

படம் பார்த்த மறுநாள் காலையில் சமையலறையில் அவரிடம் மீத்தாவின் பயத்தை, அந்தப் பள்ளி, கல்லூரி, கம்பெனி, போதை என்ற வரிசையை, நடித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரியாத்தானே அக்கா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றார்.